மசால் காட்டு மண்

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆளிடம் நாலு வார்த்தை கேட்கிறவர்கள் பாய் தலையணையோடு வரவேண்டும். ஆனாலும் பயப்படாதீர்கள். விதை அளவும் உர அளவும் உங்கள் புத்தகத்தில் இருக்கின்றன, அவற்றை நான் தொடப்போவதில்லை. புத்தகத்தில் ஏறாமல் போன ஒரு சண்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். பயறு வகைச் செடிகளின் வேரில் முடிச்சுப் போட்டுக் குடியிருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகிற நுண்ணுயிர் இன்று உங்களுக்குப் பொட்டலமாக வருகிறது. ஆறிய வடிகஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைத்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. நாங்கள் வேலைக்கு வந்த காலம் இரண்டாவது யுத்த காலம். அப்போது அந்த உயிரின் பெயரைச் சொல்லவே பயம். கிருமி என்றால் காலரா, கிருமி என்றால் பிளேக். "உங்கள் காட்டில் கொஞ்சம் கிருமி விடட்டுமா?" என்று கேட்கிற ஆளை எந்த ஊரில் உட்காரவைத்து மோர் கொடுப்பார்கள்?

ராசிபுரத்துப் பக்கம் ஒருவர் கடலைச் செடியைப் பிடுங்கி, வேரில் இருந்த முடிச்சுகளைப் பார்த்துவிட்டு, செடிக்கு அம்மை போட்டிருக்கிறது என்று முடிவு செய்தார். காட்டின் நாலு மூலையிலும் வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று காவலும் போட்டுவிட்டார். நான் போய், "அது நோய் இல்லை, செடிக்குச் சோறு போடுகிற உயிர்" என்று மன்றாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா எறங்கற வரைக்கும் நீங்களும் காட்டுக்குள்ள வராதீங்க சாமி" என்றார். அந்த வருஷம் அவருக்கு நல்ல விளைச்சல். பெயர் வேப்பிலைக்குப் போயிற்று. இப்படிப் பெயர் வேறு இடத்துக்குப் போவதை நம் தொழிலில் முதலில் பழகிக்கொள்ளுங்கள், உடம்புக்கு நல்லது.

எனக்குச் சொந்த ஊர் கெங்கவல்லிப் பக்கம். விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் என்ற நீளமான பெயருள்ள சின்ன உத்தியோகத்தில் என்னை நாமக்கல் பக்கம் போட்டார்கள். என் பேச்சில் 'ங்க' பற்றாது என்று அங்கே குழந்தைகள்கூடச் சிரிக்கும். நான் சொல்லவரும் ஊரின் பெயர் வேண்டாம். பேரன்மார் லாரி வைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள்.

அந்த ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் செங்கோடக் கவுண்டர், தம்பி நாச்சிமுத்து. அப்பா காலமானதும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நிலம், கிணறு, மாடு எல்லாம் ஒழுங்காகப் பிரிந்தன. கடைசியில் எல்லை வரப்பில் நின்ற ஒரு வேப்பமரம் யாருக்கு என்பதில் வாய்ச்சண்டை முற்றி, குலதெய்வத்தின் கோயிலில், உறவுக்காரர்கள் எல்லாரும் பார்க்க, அண்ணன் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார். தன் காட்டிலிருந்து ஒரு பிடி மண்ணைக்கூடத் தம்பிக்கு எடுத்துக் கொடுப்பதில்லை என்பது சத்தியம். அடுத்த ஆடிக் காற்றில் வேப்பமரம் சாய்ந்துவிட்டது, சத்தியம் அப்படியே நின்றது.

அன்றிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஆனால் தோட்டங்கள் ஒட்டினாற்போல் இருக்கின்றன, பேசாமல் எப்படி இருப்பது? ஒருவர் சொல்லவேண்டியதை வரப்பில் நிற்கிற மூன்றாம் ஆளிடம் சொல்வார். ஆள் இல்லையென்றால் எருதிடம் சொல்வார். எருதும் இல்லையென்றால் பனைமரத்தைப் பார்த்துச் சொல்வார். மற்றவர் அதைக் கேட்டுக்கொண்டு, தன் பங்குக்கு வேறொரு பனைமரத்திடம் பதில் சொல்வார். நான் அந்த ஊருக்கு வந்துபோகத் தொடங்கியதும் பனைமரங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.

நாச்சிமுத்துவின் கவலை அவருடைய எருது சோடியைப் பற்றியது. யுத்தத்தில் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டன. எருதுகள் இளைத்துக்கொண்டே வந்தன. அவை விழுந்தால் கவலை ஓட்ட முடியாது. கவலை என்றால் எருது பூட்டிக் கிணற்றிலிருந்து சாலில் தண்ணீர் இறைப்பது, உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். அது நின்றால் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் தோட்டம் காயும். அப்புறம் நாச்சிமுத்துவும் அவர் மனைவி பாவாயியும் சேலத்துக்குப் போய் மூட்டை தூக்கிப் பிழைக்க வேண்டியதுதான். எருதைக் காப்பாற்ற ஒரே வழி பசுந்தீவனம் என்று குதிரை மசால் விதைத்தார்கள். அறுக்க அறுக்கத் தழைக்கும், எருதுக்கு ஊட்டமான தீவனம். ஆனால் முளைத்து வந்ததெல்லாம் மஞ்சளாகக் குன்றிப்போயிற்று.

"பூராம் மஞ்சக் குளிச்சாப்பல நிக்குதுங்க" என்றார் நாச்சிமுத்து. "எருவும் போட்டாச்சு, தண்ணியும் கட்டியாச்சு. என்ன கொறைன்னே தெரியலீங்க."

பாவாயிக்கு மறைத்துப் பேசத் தெரியாது. "இன்னொருக்கா வெதைக்கறதுக்கு வெதை இருக்குதுங்க சாமி. அதுவும் இப்பிடியே போச்சுன்னா எருதைச் சந்தைக்குப் புடிச்சுட்டுப் போயிரோணும்னு தரகங்கிட்டச் சொல்லிப்போட்டோமுங்க. எலும்பு தெரியறதுக்குள்ள வித்தாத்தான் நாலு காசு வரும்" என்றார். சொல்லிவிட்டு எருதுகள் நின்ற கட்டுத்தரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் மொழுமொழுவென்று இருந்தது, ஒரு முடிச்சுகூட இல்லை. கடலைக்கும் தட்டைப்பயறுக்கும் வேண்டிய நுண்ணுயிர் நம் மண்ணில் எங்கும் இருக்கிறது. மசாலுக்கு வேண்டியது வேறு ஜாதி. மசாலே கண்டிராத மண்ணில் அது பெரும்பாலும் இருக்காது. அதை நாமாகக் கொண்டுபோய் விடவேண்டும்.

ஆராய்ச்சிப் பண்ணைக்கு எழுதினேன். அவர்களும் சிரத்தையாக அந்த உயிரைச் சீசாவில் வளர்த்து, பஞ்சு அடைத்து, சேலத்துக்கு ரயிலில் அனுப்பினார்கள். சேலத்திலிருந்து பஸ். அந்தக் காலத்து பஸ் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடியது. பின்னால் ஓர் உயரமான அடுப்பைக் கட்டிக்கொண்டு, மேட்டில் எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொல்லும். கண்டக்டர் நல்ல மனுஷர். பெட்டியில் 'பத்திரம்' என்று எழுதியிருந்ததால், கூட்டம் இடிக்காத இடமாகப் பார்த்து, அந்த அடுப்போடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஆள் படாத எடம் அது ஒண்ணுதானுங்க" என்றார் பெருமையாக. சீசாவைத் தொட்டேன், காப்பி டம்ளர் சூடு இருந்தது. உள்ளே இருந்தவை எல்லாம் வெந்து போய்ச் சேர்ந்திருந்தன. கண்டக்டருக்கு நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

என் மேலதிகாரியிடம் ஓடினேன். அவர் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் மேலுலகத்திலிருந்தே விளக்கம் கேட்டு அனுப்புவார். நான் நடந்ததைச் சொன்னதும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"சீசா கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாலேயே மண் இருந்ததப்பா. பல வருஷமா மசால் நிற்கிற காட்டிலேருந்து மேல் மண்ணை ரெண்டு வண்டி அள்ளிப் பரப்பு. அதுக்குள்ளே அந்த உயிர் கோடிக்கணக்கிலே இருக்கும். பரப்புறதைச் சாயங்காலமாப் பரப்பு, வெயில் பட்டா செத்துப்போகும். உடனே கீறி மண்ணுக்குள்ளே தள்ளிடு."

"சரிங்க ஐயா. அப்போ சீசா விஷயத்தை மேலே..."

"சீசா போய்ச் சேர்ந்துதுன்னு மேலே எழுதியாச்சு. இனிமே அது செத்துப்போக முடியாது. நான் வந்து பார்க்கும்போது பயிர் பச்சையா இருக்கணும், அவ்வளவுதான்."

பழைய மசால் காடு அந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாருடையது என்று ஊகித்திருப்பீர்கள். அப்பா காலத்தில் வண்டி எருதுகளுக்காகப் போட்ட மசால் பாத்தி, எல்லை வரப்பை ஒட்டியே, அண்ணனுடைய பங்கில் கருகருவென்று நின்றது. அதை விட்டால் காவிரிக்கு அக்கரைதான். இளைத்த எருதை வண்டியில் பூட்டி அவ்வளவு தூரம் மண் ஏற்றிவந்தால், மசால் தழைக்கும், தின்ன எருது இருக்காது.

செங்கோடக் கவுண்டர் வீட்டுக்குப் போனேன். மோர் வந்தது. அதைத் தொடாமல், முதலில் பாத்திக்குப் போய் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்துவந்து காட்டினேன். வேரில் கொத்துக்கொத்தாக முடிச்சு. ஒன்றை நகத்தால் கீறினேன், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது.

"ரத்தமாட்ட இருக்குதுங்களே!" என்றார்.

"உயிரோட வேலை செய்யுதுன்னு அர்த்தம் கவுண்டரே. உள்ளே சிவப்பு இருந்தா செடிக்குச் சோறு கிடைக்குது" என்று சொல்லி எல்லாவற்றையும் விளக்கினேன். மனுஷர் அசையாமல் கேட்டார். கேள்விமேல் கேள்வி கேட்டார். எவ்வளவு ஆழத்து மண்ணில் இருக்கும்? மண் ஈரமாக இருக்கலாமா? வெயில் பட்டால் என்ன ஆகும்? என்னுடைய இத்தனை வருஷ சர்வீஸில் அவ்வளவு கவனமாக என் பிரசங்கத்தைக் கேட்டவர் வேறு யாரும் இல்லை. உற்சாகத்தில் மேலதிகாரி சொன்னது அத்தனையும் ஒப்பித்துவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தேன். தம்பிக்கு இரண்டு வண்டி மண் வேண்டும்.

அவர் முகம் கல்லாகிவிட்டது. "குடுக்க முடியாதுங்க."

"அவர் எருதை விற்கப்போறார் கவுண்டரே."

"தெரியுமுங்க. அந்தச் சோடியில மயிலை எருது எங்கப்பன் கையால வளத்தினது." அவர் குரல் கொஞ்சம் இறங்கிற்று. "ஆனா சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டனுங்க. ஒரு புடி மண்ணு எடுத்துக் குடுக்க மாட்டேன்னு. ஊரே பாத்துச்சு, சாமியும் பாத்துச்சு. நானும் புள்ளகுட்டிக்காரன். மோரைக் குடியுங்க."

மோரைக் குடித்தேன். கோபம் கோபமாக வந்தது. அங்கிருந்து நேரே நாச்சிமுத்து வீட்டுக்குப் போய், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் சொல்லக்கூடாத ஒரு யோசனையைச் சொன்னேன்: வரப்புக்கு அந்தப் பக்கம்தானே பாத்தி, ஆள் இல்லாத நேரம் பார்த்து நாலு கூடை அள்ளிவிட்டால் என்ன?

பாவாயி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "திருடுன மண்ணுல மொளைச்சதை எங்க எருதுக்குப் போடச் சொல்றீங்களா? பட்டினி கெடந்து செத்தாலும் பரவால்லீங்க. போயி வேற சோலி இருந்தாப் பாருங்க சாமி."

வேறு சோலி இல்லை. ஆனாலும் கிளம்பிவிட்டேன்.

இரண்டொரு நாள் கழித்து, பொழுது சாயும் நேரம், ஓர் ஆள் மூச்சிரைக்க ஓடிவந்தான். எல்லை வரப்பில் வெட்டுக்குத்து நடக்கப்போகிறது, உடனே வாருங்கள் என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஊரே அங்கே கூடியிருந்தது.

அண்ணன் தன் பண்ணையாட்களை வைத்து எல்லையோரமாக நீளப் பள்ளமாகக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய மண்ணைக் கூடை கூடையாக வரப்புக்கு இந்தப் பக்கம், உழுது போட்டிருந்த தம்பியின் காட்டில் வீசினார்கள். தம்பி மம்முட்டியை ஓங்கிக்கொண்டு நின்றார். பாவாயி அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தார்.

என்னைக் கண்டதும் இரண்டு பேருக்கும் பேச ஆள் கிடைத்துவிட்டது.

"ஆபீசருங்க! எல்லையில ஒரு மொழத்தைத் தின்னுபோட்டானுங்க! கெடங்கு வெட்டிப்போட்டாத்தான் இவனுக்கெல்லாம் புத்தி வரும்!" என்று அண்ணன் முழங்கினார்.

"கெடங்கு வெட்டட்டுமுங்க! மண்ணை எதுக்கு எம்பட காட்டுல கொட்டறாருன்னு கேளுங்க! இத்தனையும் வாரி அவரு காட்டுலயே கொட்டறனா இல்லையான்னு பாருங்க!" என்று தம்பி கத்தினார்.

சொன்னபடியே ஒரு மம்முட்டி மண்ணை அள்ளி அந்தப் பக்கம் எறிந்தும்விட்டார். அப்போதுதான் அந்த மண்ணைப் பார்த்தேன். அதில் மசால் வேர் நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கிடங்கு வெட்டிய இடம் அந்தப் பழைய பாத்தி. நான் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத மண், கூடை கூடையாக வந்து விழுந்துகொண்டிருந்தது. தம்பியோ கோபத்தில் அது எந்த மண் என்றுகூடப் பார்க்காமல் திருப்பி எறிந்துகொண்டிருந்தார்.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்லவந்த இடம். அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் கிடையாது. 'எறியாதே, இதுதான் மருந்து' என்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகும்? நான் சொன்னதையெல்லாம் கோபத்தில் மறந்து வீசுகிற அண்ணனுக்குத் தான் தம்பிக்கு உபகாரம் செய்வது உறைத்துவிடும், வேலை நின்றுவிடும். ஊருக்கும் தெரிந்துவிடும், சத்தியம் முறிந்தது என்று நாலு பேர் பேசுவார்கள். சும்மா இருந்தாலோ மண் திரும்பிப் போய்விடும். எனக்குப் பயிரைப் பற்றிப் பேச மட்டுமே அதிகாரம். ஆனால் தலையில் ஒரு காக்கித் தொப்பி இருந்தது. அதை அழுத்தி வைத்துக்கொண்டு கத்தினேன்.

"யாரும் மண்ணைத் தொடக்கூடாது! இது தகராறு மண்! எல்லை அளந்து முடிவாகிற வரைக்கும் விழுந்த மண் விழுந்த இடத்திலேயே இருக்கணும். திருப்பி எறிஞ்சா கேஸ்!"

தம்பி மம்முட்டியை இறக்கினார். கேஸ் என்ற வார்த்தைக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு மரியாதை. அத்தோடு விட்டால் மண் வரப்போரம் குவியலாகவே கிடக்கும், காடு முழுக்கப் போய்ச் சேராது. அதனால் மேலும் உளறினேன்.

"குவியலா இருந்தா அளக்க முடியாது. காடு பூரா ஒரே கனமாப் பரப்பிக் கீறி விட்டாத்தான் எவ்வளவு மண்ணுன்னு கணக்கு எடுக்க முடியும். இப்பவே பரப்பணும். பொழுது விடியறதுக்குள்ளே பரப்பியாகணும்!"

பரப்பிக் கீறிவிட்ட மண்ணை உலகத்தில் யார் அளக்க முடியும்? கூட்டத்தில் ஒரு குழந்தைகூட இதைக் கேட்கவில்லை. அரசாங்கம் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று நம்பினார்கள். அண்ணன் மட்டும் தலையை ஆட்டி, "ஆபீசரு சொல்றது நாயமுங்க" என்றார். பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பி, "டேய், கெடங்கு இன்னும் அகலம் பத்தாது. மேலாப்புல வெட்டுங்கடா, ஆழம் போகாதீங்க!" என்று அதட்டினார். எல்லைக் கிடங்குக்கு ஏன் ஆழம் வேண்டாம் என்கிறார் என்று நான் அப்போது யோசித்திருக்க வேண்டும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்ததில் அது காதில் விழவில்லை.

தம்பி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பரப்பினார். மறுநாள் மசால் விதைத்தார்கள்.

இனி நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், ஆனால் அப்போது அது வேகமாக நடக்கவில்லை. மசால் முளைத்தது. கொஞ்ச நாள் பச்சையாக இருந்தது. பிறகு, முன்பு போலவே, இலை வெளிற ஆரம்பித்தது. ஒரு காலையில் நான் போனபோது தரகன் வந்து கட்டுத்தரையில் எருதுகளின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நாச்சிமுத்து அப்பா வளர்த்த அந்தச் சாம்பல் நிற மயிலை எருதின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

"போதுமுங்க சாமி, நீங்களும் முடிஞ்சதைப் பண்ணுனீங்க" என்றார் என்னிடம்.

நான் காட்டுக்குள் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஒரு செடியைப் பெயர்த்துத் தண்ணீரில் அலசினேன். வேரில் கடுகைவிடச் சிறிதாக இரண்டு மூன்று வெள்ளை முடிச்சுகள். வெள்ளையாக இருந்தால் போதாது. ஒன்றைக் கீறினேன், உள்ளே சிவப்பே இல்லை, வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. இன்னொரு செடி, வாய்க்கால் ஓரத்தில். அதன் முடிச்சைக் கீறினேன். உள்ளே ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு.

அந்தச் சிவப்பை நம்பி ஒரு குடும்பத்தின் எருதை விற்காதே என்று சொல்லலாமா? நான் சொல்லி, பயிரும் தேறாமல் எருதும் விழுந்துவிட்டால்? எனக்கு மாசச் சம்பளம் வந்துவிடும். தவறாகச் சொன்னால் பட்டினி அவர்களுக்குத்தான். உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். அப்போது உங்கள் மேலதிகாரி பக்கத்தில் இருக்கமாட்டார். நான் எழுந்துபோய், "அடுத்த சந்தை வரைக்கும் விற்காதீங்க" என்றேன். தரகன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

நாச்சிமுத்து பாவாயியைப் பார்த்தார். பாவாயி என்னைப் பார்த்தார். "அப்ப இந்த ஒரு சந்தை போகட்டுமுங்க" என்றார் பாவாயி.

அடுத்த சந்தைக்குள் பயிர் திரும்பிவிட்டது. முதலில் வரப்போரமும் வாய்க்கால் ஓரமும் கரும்பச்சையாகக் கறுத்தன, பிறகு அந்தக் கறுப்பு பாத்தி பாத்தியாக உள்ளே நடந்தது. முதல் அறுப்பு அறுத்து எருதுக்கு முன்னால் போட்ட அன்று பாவாயி அழுதேவிட்டார். நானும் தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மேலதிகாரி பார்வையிட வந்தார். பயிரைப் பார்த்து, "சீசா நன்றாக வேலை செய்திருக்கிறது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு கிடங்கைப் பார்த்தார், அதற்கு அப்பாலிருந்த பழைய மசால் பாத்தியைப் பார்த்தார், அதில் பாதி காணாமல் போயிருந்ததையும் பார்த்தார்.

"அது என்ன?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"எல்லைத் தகராறுங்க ஐயா."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இந்த மாதிரி தகராறு ஜில்லா முழுக்க நடந்தா, நம்ம இலாகாவையே மூடிடலாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கர்வத்தில் அன்று சாயங்காலம் செங்கோடக் கவுண்டர் வீட்டுக்குப் போனேன். அவரைத் தனியாக அழைத்து, "கவுண்டரே, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு நீங்க கோபத்துல வீசின மண்ணுதான் உங்க தம்பி பயிரைக் காப்பாத்திச்சு. அளக்கணும்னு சாக்குச் சொல்லி நான்தான் பரப்ப வச்சேன்" என்றேன்.

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஏனுங் சாமி, வெய்யிலு பட்டாச் செத்துப்போகும்னு சொன்னது ஆருங்க?"

"நான்தான்."

"மேல் மண்ணுலதான் இருக்கும்னு சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"அதுக்குத்தானுங் பொழுது சாய ஆரம்பிச்சேன். ஆழமா வெட்டிப்போடுவானுங்களோன்னு பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன். கோவத்துல வெட்டறவன் நேரங்காலம் பாத்தா வெட்டுவான்?" சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "கையில எடுத்துக் குடுக்க மாட்டேன்னுதானுங்க சத்தியம். சண்டைக்குப் போக மாட்டேன்னு சத்தியம் பண்ணலீங்களே. ஆனா அவன் வாரித் திருப்பி வீச ஆரம்பிச்சதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. நல்லவேளை, நீங்க வந்து ஏதோ கேஸு, கணக்குன்னு பேசுனீங்க. எங்க பேச்சு அவன் கேக்க மாட்டான்."

அவரை நான் ஏமாற்றியதாக நினைத்த அந்த நேரம் முழுக்க, அவர் தன் பண்ணையாட்களோடு என்னையும் சேர்த்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.

"இதை உங்க தம்பிகிட்டச் சொல்லிடறேன் கவுண்டரே. பகையெல்லாம் தீர்ந்துபோகும்."

"அய்யோ, கெடுத்துப்போடாதீங்க!" என்று பதறினார். "சொன்னீங்கன்னா அது குடுத்ததா ஆயிப்போகும். சாமி குத்தம். அதுவுமில்லாம, அவன் ரோசக்காரன். குடுத்த மண்ணுன்னு தெரிஞ்சா இன்னொரு சாமி முன்னால அவன் ஒரு சூடத்தை அணைப்பானுங்க."

சொல்லவில்லை. நல்லது செய்கிற ஆசையில் நாம் அவிழ்க்கக்கூடாத முடிச்சுகளை அவிழ்க்கப் பார்க்கிறோம். தனக்கு வேண்டியதை ஊர் தானே ஒரு வழியில் செய்துகொண்டிருக்கிறது என்றால், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இதை எந்தப் பரீட்சையிலும் கேட்கமாட்டார்கள், சம்பளமும் இதற்குக் கூடாது. ஆனால் என் தொழிலில் நான் கற்றதில் பாதி இதுதான்.

மறு கோடை கடுமையாக இருந்தது. அண்ணனுடைய பழைய கிணறு வற்றி, அவருடைய பாதிப் பாத்தி மசால் கருக ஆரம்பித்தது. தம்பியின் கிணற்றில் தண்ணீர் இருந்தது, மசால் தின்று திமிலேறிய எருதுகளும் இருந்தன. ஒரு காலையில் நான் அந்தப் பக்கம் போனபோது, நாச்சிமுத்து கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் வாய்க்காலில் வந்து, அவருடைய காட்டுக்குப் போகாமல், எல்லையோரம் கரை உடைந்து அண்ணனுடைய மசாலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் பாத்தி நடுவில் நின்றுகொண்டு, ஒரு பனைமரத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு வாய்க்காலை ஒழுங்காக் கட்டத் துப்பில்லை, இவனெல்லாம் ஒரு குடியானவன்! எம்பட காட்டையே குட்டையாக்கிப்போட்டான்! கேக்கறதுக்கு ஆளில்லையா இந்த ஊர்ல!"

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். "நாச்சிமுத்து, வாய்க்கால் உடைஞ்சு தண்ணி பூரா அங்கே போகுது! அடைக்கலையா?"

நாச்சிமுத்து எருதைப் பின்னால் நடத்திக்கொண்டே, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"சும்மா இருங்க சாமி. அவரு இன்னும் திட்டிட்டிருக்கறது கேக்குதில்லீங்களா? கடைசிப் பாத்தி நெறையலைன்னு அர்த்தம். திட்டு நின்னாத்தான் அடைக்கோணும்."

நான் வரப்பில் உட்கார்ந்தேன். வெயில் ஏறிற்று. சால் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு திட்டு நின்றது. நாச்சிமுத்து எருதுகளை நிறுத்திவிட்டு, மம்முட்டியை எடுத்துக்கொண்டு உடைப்பை அடைக்கப் போனார்.